பழைய கார்களுக்கு எத்தனால் குறைந்த பெட்ரோல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அப்பா ஓட்டிய 1978 மாடல் பிரீமியர் பத்மினி என்னிடம் இருக்கிறது. பதினோரு வருடம் ஷெட்டிலேயே நின்ற வண்டி. தகர வேலை, பிரேக், ஒயரிங் எல்லாம் முடித்துப் போன வருடம் ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்கப்புறம்தான் உண்மையான அலைச்சல். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் திணறி நின்றுவிடும், அரைமணி நேரம் மரத்தடியில் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும்.

நெருப்புப் பொறி தரும் காயில், கண்டன்சர், பாயின்ட், பிளக் எல்லாம் மாற்றினோம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினோம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினையே இறக்கிப் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில், சின்ன வயதிலிருந்து பியட் வண்டிகளே பார்த்த ஒரு பெரியவர், "இனிமே ஒரு சாமானும் வாங்காதீங்க, நிக்கிற இடத்துலயே பாருங்க" என்றார். அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன், வத்தலக்குண்டு ரோட்டில் வழக்கம் போல நின்றது. பிளக்கில் நெருப்புப் பொறி நீலமாக, நன்றாகவே வந்தது. அப்புறம் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால் ஒரு சொட்டு பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றினார், கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது.

மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்களே, அதுதான். இந்த வண்டியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது, பெட்ரோலைப் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் தள்ளும். ஆனால் இதே வண்டியில் அப்பா வருடா வருடம் கொடைக்கானல் ஏறியிருக்கிறார், அப்போது இப்படி நின்றதில்லை. ஃபில்டரை அறுத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. உள்ளே துருத்தூள், கூடவே கறுப்பு ரப்பர் துணுக்குகள். டேங்கிலிருந்து வரும் பழைய ஹோஸ் உப்பி, பிசுபிசுத்து, விரிசல் வழியாகக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

துரு, வண்டி சும்மா நின்றதால் வந்தது, அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கால ரப்பர், இன்று பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலுக்குச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் படிந்த பழைய கசடையும் கரைத்துக் கொண்டுவரும். புது கார்களில் கம்ப்யூட்டர் எத்தனாலுக்கு ஏற்றபடி பெட்ரோல் அளவைச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டரில் அதற்கு வழியில்லை, கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் இன்னும் சூடாகிறது. டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, எத்தனால் தாங்கும் ஹோஸும் பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வையும் புதிதாகப் போட்டு, சைலன்சர் சூடு படாதபடி ஹோஸைத் தள்ளிக் கட்டினோம். மொத்தச் செலவு நாலாயிரம் ரூபாய்க்குள். இந்த மே மாதம் இரண்டு முறை கொடைக்கானல் போய் வந்தேன், எங்கேயும் நிற்கவில்லை.

பழைய கார், பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்ஜினில் கை வைக்கும் முன் இந்த ஹோஸைப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. எத்தனால் கலப்பு பற்றி 2021-ல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வண்டிகளுக்காக எத்தனால் குறைந்த பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்றுதான் சொன்னது. எங்கள் ஊரில் நான் கேட்ட எந்தப் பங்கிலும் சாதாரண விலையில் அது இல்லை. எண்ணெய் நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள்: ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு பங்கிலாவது அதைக் கொடுங்கள், எல்லாப் பங்குகளிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று பம்பிலேயே தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்