செஸ் வீடியோக்கள்: பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம். நம் சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பின் செஸ் பிள்ளைகள் யூடியூபிலேயே குடியிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து ஆர்வம் அதிகம், நல்லதுதான். ஆனால் எல்லா வீடியோவும் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

1. வெள்ளிக்கிழமைக்குள், பிள்ளை பார்க்கும் வீடியோ ஒன்றை நீங்களும் கடைசிவரை பாருங்கள். ஆரம்பம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்; தோற்கும்போதுதான் வீடியோ போடும் சிலருக்கு வாயில் கெட்ட வார்த்தை வருகிறது.
2. நேரலை என்றால், பக்கத்தில் ஓடும் அரட்டையையும் (சாட்) படியுங்கள். பெரிய தொல்லை அதுதான்.
3. லிசெஸ் (இணையத்தில் செஸ் ஆடும் தளம்) கணக்கு இருந்தால் அதில் பிள்ளைகளுக்கான கிட் மோடைப் போடுங்கள், அரட்டை மறைந்துவிடும்.

சனி காலை 10 மணிக்கு வகுப்பறையில் பேசுவோம். தாத்தா, ஆயாவும் வரட்டும். பாதி வீடுகளில் போன் கொடுப்பது அவர்கள்தானே! வருகிறவர்கள் சானல் பெயரோடு வியாழனுக்குள் இங்கே பதில் போடுங்கள்.