ரிட்டர்ன் லோடு இல்லாத கிரகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கண் போகிறது, காசு போகிறது, படிப்பு போகிறது. எல்லாம் சரிதான். எனக்கு வயது 52. வேலூர் சத்துவாச்சாரி பைபாஸ் ஓரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். நானும் ஒரு விண்வெளி ஆட்டம் ஆடுகிறேன். கெட்டுப்போகிற வயது தாண்டிவிட்டதால் அந்தப் பேச்சை விட்டுவிட்டு வேறொன்று எழுதுகிறேன். ஆட்டம் உருவாக்குவதையே படிப்பாகப் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் போதும்.

ஆட்டத்தின் பெயர் வேண்டாம். அதில் ஆளில்லாத ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, முன்பணம் கட்டி, அங்கே காலனி போடலாம். பணம் கட்டிய நாளிலிருந்து 4 வாரத்துக்குள் முதல் நிலையம் எழும்பியாக வேண்டும். ஸ்டீல், அலுமினியம், டைட்டானியம், ஆக்சிஜன் என்று சின்ன நிலையத்துக்கே சுமார் 20,000 டன் சரக்கு. அவ்வளவையும் நாமே கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும். என் கப்பல் 280 டன் பிடிக்கும். 72 டிரிப். ஏற்றி, இறக்கி, திரும்பிவர டிரிப்புக்கு 25 நிமிடம். ஆக மொத்தம் 30 மணி நேரம். ராத்திரி கடை அடைத்து, சாப்பிட்டுவிட்டு, தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் 28 நாளில் 28 மணி நேரம்தான் வரும். இதற்கு நடுவில் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம், இரண்டு நாள் கரண்ட் இல்லை. 61 டிரிப்போடு கெடு முடிந்தது. மூவாயிரம் டன் கூடப் பாக்கியில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் சாரமும் இல்லை, சரக்கும் இல்லை. இறக்கிய 17,080 டன்னும் போச்சு. "ஏங்க, பகல் பூரா லோடு ஏத்தறது போதலையா?" என்றாள் என் மனைவி.

முக்கால்வாசி வேலை முடிந்த இடத்தில் கெடுவை நீட்டிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. எங்கள் தொழிலில் இறக்குகிற இடத்தில் வண்டி காத்துக்கிடந்தால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஹால்ட்டிங் போடுவோம். அபராதம் கட்டித் தொலைக்கலாம், ஆனால் வண்டியிலிருக்கும் சரக்கு காணாமல் போகாது. ஆட்டத்திலும் தாமதத்துக்குப் பணம் பிடித்துக்கொள்ளட்டுமே.

டன் கணக்கு ஆட்டக்காரர்களை வாட்டுகிறது என்று தெரிந்ததும் ஆட்டம் செய்தவர்கள் பெரிய கப்பலாக ஒன்றை விட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. 2018-ல் பத்து சக்கர வண்டியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியபோது எங்களில் பலர் சந்தோஷப்பட்டார்கள். அதே சரக்குக்குக் குறைந்த வண்டி போதும் என்றானபோதுதான், எடையைக் கூட்டுவது எல்லாவற்றுக்கும் மருந்தில்லை என்று புரிந்தது.

இரண்டாவது தடவை என் மகனும் அவன் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரும் கூட ஓட்டினார்கள். பத்தொன்பதாவது நாள் நிலையம் எழுந்தது. விளக்கெல்லாம் எரிய, ஆசையாகக் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மக்கள்தொகை என்று ஓர் எண் காட்டினார்கள். சந்தையைத் திறந்தால் திரும்பி ஏற்றிவர உருப்படியாக ஒன்றுமில்லை. 280 டன் கப்பலைக் காலியாகவே ஓட்டிக்கொண்டு வந்தேன். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக்குள் கோயில் அப்படித்தான் வெறுமனே இருந்தது. 1981-ல் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான் அந்தக் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரர் அங்கே போனார். நான் கட்டியது சாமி வராத கோயில்.

லாரிக்காரனுக்கு ஊரை எடைபோட ஒரே கணக்குதான்: ரிட்டர்ன் லோடு உண்டா? ஆம்பூருக்கு வண்டி அனுப்ப எவனும் யோசிக்க மாட்டான். பச்சைத் தோலும் கெமிக்கல் டிரம்மும் இறக்கினால், பதனிட்ட தோலோ ஷூ பெட்டியோ ஏறிவிடும். காலியாகத் திரும்ப வேண்டிய ஊருக்குப் போக வாடகையே இரட்டிப்பாகக் கேட்பார்கள். காலனியிலும் அந்த ஓட்டம் வேண்டும். பனிக்கட்டி நிறைந்த கோளா, அங்கிருந்து தண்ணீர் ஏறட்டும். தாதுவா, உலோகம் ஏறட்டும். இரண்டு பக்கமும் சரக்கு ஓடுகிற தடம் ஒன்று உண்டாகிவிட்டால், அப்புறம் கம்ப்யூட்டரே மற்ற கப்பல்களை அந்தத் தடத்தில் விடட்டும். பைபாஸ் போட்டதும் டீக்கடை தானாக முளைக்கிறது இல்லையா? அது மாதிரி. மக்கள்தொகை எண்ணும் அதைப் பார்த்துத்தான் ஏற வேண்டும், இறங்கவும் வேண்டும்.

இறங்குவதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும்வரை எங்கள் மாவட்டம்தான். தோல் தொழில் அங்கே வேரூன்றியதில் பாலாற்றுத் தண்ணீருக்குப் பங்குண்டு. அந்தத் தொழிலின் கழிவே பாலாற்றைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், மாசுபடுத்தியவனே சரிசெய்யும் செலவைக் கொடுக்க வேண்டும் என்று 1996-ல் தீர்ப்பு வாங்கியது. இன்றைக்கும் நாட்டில் சுற்றுச்சூழல் வழக்கென்றால் அந்தத் தீர்ப்பைச் சொல்கிறார்கள். ஆட்டத்தில் என்ன நடக்கிறது? குடியிருப்புக்குப் பக்கத்திலேயே உலோகம் உருக்கும் ஆலை போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் கெடவில்லை, ஒருவனும் ஊரைவிட்டுப் போகவில்லை, என்மேல் வழக்குப் போட ஆளில்லை. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் கேன் வாங்கிக் குடிக்கிறவனிடம் இந்தக் கதை எடுபடாது. ஆலை போடலாம், தப்பில்லை. அதன் கழிவுக்கு ஓர் இடம் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவன் காலனியில் ஆள் குறையட்டும். அங்கேதான் ஆட்டம் சூடுபிடிக்கும் என்பது என் எண்ணம். மகன் ஒத்துக்கொள்ளவில்லை, "அப்பா, ஜாலியா விளையாட விடுப்பா" என்கிறான்.

இன்னும் ஒன்று மட்டும். அவ்வளவு சரக்கு இறக்கியும் நிலையத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை நமக்கில்லை, வாயில் நுழையாத ஒரு பெயரைக் கம்ப்யூட்டரே ஒட்டிவிட்டது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்திலிருந்து 1988-ல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அவ்வளவு பெரிய பெயரெல்லாம் வேண்டாம். நான் பிறந்த ஊர் அணைக்கட்டு. அதைத்தான் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ்காரர்,
சத்துவாச்சாரி, வேலூர்.