நான்ஸ்டிக் தோசைக்கல்லில் கோட்டிங் உரிகிறது, பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். கடைவீதியில் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய உங்கள் நான்ஸ்டிக் தோசைக்கல், வாரண்டி முடியும் முன்பே நடுவில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, இப்போது தோசையைத் திருப்பினால் அடியில் கறுப்புச் செதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் சர்வீஸ் ஆள் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு, "தீயை அதிகமா வெச்சிருப்பீங்க, இல்லேன்னா இரும்புக் கரண்டி போட்டிருப்பீங்க" என்று சொல்லி புகாரை மூடிவிட்டார்.

எங்கள் வீட்டில் இந்தக் கல்லுக்கு மரக்கரண்டிதான். இரும்பு பட்டிருந்தால் கோடு கோடாகக் கீறல் விழுந்திருக்கும், ஒரு கீறல்கூட இல்லை. சரி, சூடு என்கிறீர்களே, கல்லில் பூசியிருக்கும் டெஃப்லான் சுமார் 260 டிகிரி வரை தாங்கும், உருகுவதே 327 டிகிரியில்தான். அடுத்தடுத்து மாவு ஊற்றிக்கொண்டிருக்கும் கல் அந்தச் சூட்டுக்கா போகும்? கொப்புளத்தை நகத்தால் நெம்பினால் தோல் மாதிரி உரிந்து வருகிறது, அடியில் அலுமினியம் வழவழவென்று இருக்கிறது.

அங்கேதான் கோளாறு. டெஃப்லான் எதிலும் லேசில் ஒட்டாது. குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பும் இதே பொருள்தான், தொட்டாலே வழுக்கும். அதைக் கல்லில் பிடிக்க வைக்க, அலுமினியத்தைச் சொரசொரப்பாக்கி, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் பூசிச் சுட வேண்டும். உரிந்த இடம் இவ்வளவு வழவழப்பாக இருந்தால் அந்த வேலை உங்கள் ஃபேக்டரியில் ஒழுங்காக நடக்கவில்லை, அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

செதில் வயிற்றுக்குள் போனாலும் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும் என்று தெரியும். அதற்காகப் பிள்ளைகளுக்கு அந்தத் தோசையைப் போட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. பெட்டியில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லை' என்று, முன்பு டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட கெடுதலான ரசாயனம் இல்லை என்று, கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் வெறும் கல் அடுப்பில் கிடந்து அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகையில் வளர்ப்புப் பறவைகள் செத்துப்போகும் என்பதை எங்கேயும் போடவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் லவ் பேர்ட்ஸ் கூண்டு இருக்கிறது. இதை முதலில் அச்சடியுங்கள்.

பில்லும் போட்டோவும் இணைத்திருக்கிறேன். மாற்றுக் கல் வேண்டாம், முழுப் பணமும் வேண்டும். கல்லை ஆள் அனுப்பி எடுத்துப்போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அம்மாப்பேட்டை, சேலம்