மிஸ்ஸி கூப்பரின் கதை எங்கே? 'யங் ஷெல்டன்' எழுத்தாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

'யங் ஷெல்டன்' தொடரை உருவாக்கிய சக் லாரி, ஸ்டீவன் மொலாரோ ஆகியோருக்கும், அவர்களோடு சேர்ந்து எழுதிய குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, ஏழு சீசன்களில் 141 எபிசோட்களாக ஓடி, 2024 மே 16 அன்று நிறைவடைந்த உங்கள் தொடரைப் பாராட்டிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது ஒரு கோரிக்கையோடு. ஒன்பது வயதில் உயர்நிலைப் பள்ளிக்குப் போன ஷெல்டன் கூப்பர் என்ற மேதைப் பையனின் கதையைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். அவனோடு ஒரே வயிற்றில் கிடந்து பிறந்த மிஸ்ஸியின் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதை எழுதித் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

வளர்ந்த ஷெல்டனின் கதையைச் சொன்ன 'தி பிக் பேங் தியரி' பன்னிரண்டு சீசன்களும் அரங்கில் அமர்ந்திருந்தவர்களின் சிரிப்போடு ஓடியது. அதன் முன்கதையை எழுத வந்தபோது அந்தச் சிரிப்பொலியை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நீங்கள் செய்தவற்றில் ஆகச் சிறந்த முடிவு அதுதான் என்பேன். கிழக்கு டெக்சாஸில் மெட்ஃபோர்டு என்று நீங்கள் கற்பித்த சிற்றூரில், 1989இல் தொடங்கும் அந்த வீட்டுக்குள் சிரிப்பொலி இல்லாததால்தான், சாப்பாட்டு மேசையில் ஜெபத்துக்காகக் கைகோக்கும்போதுகூடக் கையுறை போட்டுக்கொள்ளும் பையனைப் பார்த்துச் சிரிக்கிற அதே நொடியில், எதிரே தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் மிஸ்ஸியின் முகத்தையும் எங்களால் கவனிக்க முடிந்தது.

மீத்திறன் பெற்ற குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வியை உங்கள் தொடர் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. ஆனால் மிஸ்ஸி வரும் காட்சிகள் எல்லாம் அதற்கான விடையாகவே இருந்தன. பையன்களின் பேஸ்பால் அணியில் அவள் பந்து வீசியதும், ஷெல்டனைப் போலவே மேதையான பெய்ஜ் என்ற சிறுமியோடு சேர்ந்து தந்தையின் டிரக்கை எடுத்துக்கொண்டு ஊரை விட்டே கிளம்பியதும், என்னையும் கொஞ்சம் பாருங்கள் என்று ஒரு பெண் கேட்கும் இருவேறு விதங்கள். ஏழாவது சீசனின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் மேரி, ஷெல்டனோடு ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் இருக்கிறாள். இங்கே சூறாவளியில் பாட்டியின் வீடு தரைமட்டமாகிவிட்டது. சமையலும் துணி துவைப்பதும் தாமாகவே மிஸ்ஸியின் தலையில் வந்து விழுகின்றன. யாரும் அவளிடம் அதை ஒப்படைக்கவில்லை, நன்றி சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அவளாக நடித்த ரேகன் ரெவார்டு அதிகம் பேசாமலேயே கோபப்பட்டதை, வளர்ந்த ஷெல்டனாகக் கதை சொல்லும் ஜிம் பார்சன்ஸின் பின்னணிக் குரல் விளக்காமல் விட்டது நல்லதாயிற்று. அவளுடைய அண்ணன் ஜார்ஜிக்கோ, உடன்பிறந்த இரட்டையன் ஷெல்டனுக்கோ தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத விஷயம் அது.

தந்தை ஜார்ஜின் மரணத்தை நீங்கள் எழுதிய விதத்தை எண்ணும்போதுதான் என் ஆதங்கம் கூடுகிறது. குடும்பப் புகைப்படத்துக்காக எல்லோரும் உடுத்திக்கொண்டு அவருக்காகக் காத்திருக்க, மாரடைப்பில் அவர் போய்விட்ட செய்தியோடு நண்பர்கள் வாசலில் வந்து நிற்கும் காட்சியும், காலையில் கிளம்பியவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்ட ஷெல்டன் அந்தக் கணத்தை மனத்துக்குள் வெவ்வேறு விதமாக மறுபடி மறுபடி நடத்திப் பார்ப்பதும் அண்மைக்கால நகைச்சுவைத் தொடர்களில் நான் பார்த்த மிகத் தேர்ந்த எழுத்து. ஆனால் இறுதி எபிசோடில், தாய் வற்புறுத்திய ஞானஸ்நானத்தை ஷெல்டன் அவளுக்காக ஏற்றுக்கொள்கிறான், மிஸ்ஸி மறுத்துவிடுகிறாள். அவள் ஏன் மறுத்தாள், அந்தக் கோபத்தோடு அதன்பின் அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தாள் என்பதற்குள் கதை போகவில்லை. ஷெல்டன் கால்டெக் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறான், தொடர் முடிந்துவிடுகிறது.

பழைய தொடரில் ஷெல்டன் தன் தந்தையைக் குடிகாரர் என்றும், தாய்க்குத் துரோகம் செய்தவர் என்றும் சொல்லியிருந்தான். அந்தக் கறையைத் துடைக்க நீங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவன் பார்த்த 'வேறொரு பெண்' விக் வைத்த மேரியேதான் என்று காட்டும் அளவுக்குப் போனீர்கள். (அது சற்றுச் சுலபமான தப்பித்தல் என்பது என் கருத்து, குறையுள்ள மனிதராகவே இருந்திருந்தாலும் லான்ஸ் பார்பர் நடித்த ஜார்ஜை நாங்கள் நேசித்திருப்போம்.) அதே பழைய தொடரில், 2008இல் ஒளிபரப்பான முதல் சீசனில், வளர்ந்த மிஸ்ஸி ஒரு எபிசோடில் வந்தாள். ஷெல்டனின் நண்பர்கள் போட்டி போட்டுக்கொண்டு துரத்த ஓர் அழகி தேவைப்பட்டாள், அவ்வளவுதான். பிறகு 2018இல் அவன் திருமணத்துக்கு வந்துபோனாள். ஜார்ஜுக்குச் செய்த நியாயத்தில் பாதியாவது அவளுக்கும் செய்திருக்கலாம்.

2024 அக்டோபரில் மூத்தவன் ஜார்ஜிக்கும் அவன் மனைவி மேண்டிக்கும் தனித்தொடர் தந்தீர்கள், அரங்கச் சிரிப்பையும் திரும்பக் கொண்டுவந்தீர்கள். அது உங்கள் உரிமை. அந்த இருவரின் வாய்ச்சண்டைக்கு அந்தச் சிரிப்பு பொருந்தவும் செய்கிறது. மிஸ்ஸியை அந்த மேடைக்கு அவ்வப்போது வரும் விருந்தாளியாக ஆக்கினால் மட்டும் போதாது என்பதே என் வேண்டுகோள். தந்தை இல்லாத, தாய் துயரத்திலிருந்து மீளாத அந்த வீட்டில் அவளுடைய பதினைந்து, பதினாறு வயதுகளைப் பழைய முறைப்படியே, சிரிப்பொலியின்றி எழுதுங்கள். ஒரு முழுத் தொடர் சாத்தியமில்லை என்றால் ஆறேழு எபிசோட்கள் போதும். பின்னணிக் குரல் வேண்டுமென்றால் அது இம்முறை அவளுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தொடரை முதல் எபிசோடிலிருந்து பார்த்த ஒருவர்