அதே கரண்டுக்கு ஏன் மூன்று விலை?

வணக்கம். எங்கள் எலக்ட்ரிக் கார் சார்ஜிங் ஸ்டேஷனில் கன்னுக்கு (காரில் மாட்டும் சார்ஜர் கேபிளின் முனை) ஒரு விலை என்று வைத்திருப்பதைப் பற்றித்தான் இது.

"அண்ணா, உள்ளே போவது அதே கரண்ட்தானே, இந்தக் கன்னுக்கு 18, பக்கத்துக் கன்னுக்கு 22 என்றால் என்ன கணக்கு?" புது விலைப் பலகை மாட்டியதிலிருந்து தினமும் நாலைந்து பேராவது கேட்கிறீர்கள். பொம்மசந்திராவில் சாயங்கால வரிசை நிற்கும்போது நிதானமாக விளக்க முடிவதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். கன்னடத்தில் தனியாக ஒட்டியிருக்கிறோம்.

முதலில் விலை. ஏசி (வீட்டு பிளக்கில் வரும் மாறு மின்சாரம்) 7.4 கிலோவாட் கன்னில் யூனிட் 14 ரூபாய், டிசி (பேட்டரிக்குள் ஏறும் நேர் மின்சாரம்) 30 கிலோவாட் கன்னில் 18, டிசி 60-இல் 22. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வீட்டுக் கரண்டுக்கு அந்த வரி கிடையாது, ஆனால் இங்கே சார்ஜ் போடுவது சேவை என்று கணக்காகிறது.

கரண்ட் அதேதான், மறுக்கவில்லை. ஆனால் ஏசி கன் என்பது கிட்டத்தட்ட ஒரு நல்ல பிளக் பாயின்ட், ஏசியை டிசியாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் சார்ஜரே பார்த்துக்கொள்ளும். டிசி கன்னில் அந்த வேலை முழுக்க எங்கள் மெஷின் தலையில். விலையோ பல லட்சம். மாற்றும்போது சூடாகப் போவது வேறு. எங்கள் மீட்டரில் 100 யூனிட் ஓடினால் கன் வழியாக உங்களுக்கு வருவது சுமார் 95. 60-இல் வண்டி நிற்கும்போது மெஷினுக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள், அந்த ஃபேன் காற்றில் ஈரத் துண்டு காயப்போடலாம்.

இதைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாது. பெஸ்காமிடம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) எத்தனை கிலோவாட் லோடு வாங்கி வைத்திருக்கிறோமோ அத்தனைக்கும் மாதாமாதம் ஃபிக்சட் சார்ஜ் கட்டவேண்டும், ஒரு கார்கூட வராவிட்டாலும். ஒரு 60 கன்னுக்கு ஒதுக்கும் லோடில் 7.4 கன் எட்டு ஓட்டலாம். அந்த 22 ரூபாயில் பாதிக்கதை இதுதான்.

சரி, இப்போது எங்கள் கல்லாவுக்கு எதிராக ஒன்று சொல்கிறேன். எத்தனை கிலோவாட் இழுப்பது என்று முடிவு செய்வது கார்தான், கன் இல்லை. பழைய 30.2 யூனிட் பேட்டரி டாடா நெக்ஸான் எலக்ட்ரிக் காரை எதில் மாட்டினாலும் 30-க்குள்தான் இழுக்கும். 20-லிருந்து 80 சதவீதம் ஏற்ற சுமார் 18 யூனிட். 30 கன்னில் வரியோடு 382 ரூபாய், 60 கன்னில் 467. நேரம் இரண்டிலும் ஒன்றுதான். 85 ரூபாயை ஏன் எங்களுக்குத் தருகிறீர்கள்? ஐயோனிக் 5 மாதிரி வண்டி 60 என்ன, அதற்கு மேலும் இழுக்கும், அவர்களுக்குத்தான் அந்தக் கன். உங்கள் காரின் அதிகபட்ச டிசி வேகம் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எல்லோரும் சண்டைக்கு வரும் விஷயம்: 90 சதவீதம் தாண்டினால் டிசி கன்களில் நிமிடத்துக்கு 3 ரூபாய் கூடுதல். பேட்டரி நிறைய நிறைய, செல்லைக் காப்பாற்றக் காரே கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். போன சனிக்கிழமை ஒரு வண்டி 91-இலிருந்து 100 வரை 60 கன்னிலேயே நின்றது, திரையில் 7 கிலோவாட், ஓனர் எதிரே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பின்னால் மூன்று கார் ஹாரன். முழுக்க நிமிடக் கணக்கே வைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். வைத்தால் மெதுவாக இழுக்கும் சின்ன வண்டிக்காரர்தான் அதிகம் கட்டுவார், அது நியாயமாகப் படவில்லை. 80-இலேயே ஆரம்பிக்கலாம் என்றான் தம்பி. நான்தான் 90 என்றேன், தர்மபுரி தாண்டிச் சேலம் போகிறவருக்கு அந்தப் பத்து சதவீதம் நிம்மதி. (தொப்பூர் மலை இறக்கத்தில் வேகம் குறைக்கும்போது கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் தானாகத் திரும்பி வரும், அதற்கு நாங்கள் பில் போடுவதில்லை.)

முன்பணம் வைத்திருப்பவர்களின் பாக்கி அப்படியே இருக்கிறது, புது விலையில் கழியும். ஏசி கன்னுக்கு நிமிடக் கட்டணம் இல்லை, 100 வரை போடலாம். டிசியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் கவுன்ட்டரில் பையனிடம் வண்டி நம்பரையும் உங்கள் போன் நம்பரையும் சொல்லிவிட்டுப் போங்கள், 88 ஆனதும் கூப்பிடுவான்.