சப்பாத்தைக் கழற்றச் சொல்லுங்கள்: தோட்ட நிர்வாகங்களுக்கும் எச்.ஏ.க்களுக்கும் ஒரு திறந்த மடல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மேலாளர்களுக்கும், தோட்டக் கிளினிக்கைக் கவனித்துக்கொள்ளும் எச்.ஏ. (மருத்துவ உதவியாளர்) அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரில் பிசியோதெரபி பார்ப்பவள், பால்மரம் வெட்டியவரின் மகள். என்னிடம் வரும் கால்கள் பெரும்பாலும் நாள் கடந்துதான் வருகின்றன. செம்பனைக் குலை தூக்கிக்கொண்டு கான் (வடிகால்) தாண்டும்போது பிசகியவர், மழை ஊறிய மேட்டில் சறுக்கியவர், லாரியிலிருந்து குதித்தவர் என்று எல்லாருக்கும் முதல் நாளே ஒரே பெயர்தான் வைக்கப்படுகிறது: சுளுக்கு. வலி மாத்திரை, ஒரு டியூப் களிம்பு, இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு), அப்புறம் லைட் டியூட்டி. பலரை யாரும் சப்பாத்தைக் கழற்றக்கூடச் சொல்லவில்லை.

நான் கேட்பது இதுதான். கணுக்கால் அடிபட்டு யார் வந்தாலும், மாத்திரைக்கு முன்னால் பத்து நிமிடம் அந்தக் காலைச் சோதியுங்கள். கண்டதைத் தாளில் எழுதுங்கள்.

இரண்டு சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, இரண்டு காலையும் முட்டி வரை பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீக்கம் எங்கே, கன்றிப்போன நிறம் எங்கே, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பு மொட்டின் வடிவம் மாறியிருக்கிறதா என்பதையெல்லாம் நல்ல கால்தான் சொல்லிக்கொடுக்கும். பிறகு விரலால் அமுக்க வேண்டும். எங்கே அமுக்குவது என்பதற்கு ஒட்டாவா விதிகள் இருக்கின்றன. கனடாவில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992இல் வெளியிட்டவை. வெளிப்புற மொட்டின் நுனியிலோ, அதன் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டருக்குள்ளோ எலும்பை அமுக்கினால் வலிக்கிறதா? உட்புற மொட்டிலும் அப்படியே பாருங்கள். அடிபட்ட உடனேயும், இப்போது உங்கள் எதிரிலும் நாலு எட்டு வைக்க முடியவில்லையா? நொண்டிக்கொண்டு வைத்தாலும் வைத்ததாகவே கணக்கு. இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். நடுப்பாதம் வலித்தால், சுண்டுவிரலை நோக்கிப் போகும் நீள எலும்பின் அடியையும், உள்வளைவின் உச்சியில் துருத்தும் எலும்பையும் அமுக்கிப் பாருங்கள். அங்கும் அதே நாலு எட்டுதான் அளவு.

மேலாளர்கள் இதைக் கவனியுங்கள். இந்த விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் முறிவு தப்புவது மிக அரிது. வீண் எக்ஸ்ரேயும் குறையும். ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆளையும் ஒரு வண்டியையும் அனுப்பினால் ஒரு நாள் போகிறது என்று சொல்பவர்களுக்குத்தான் இது முதலில் உதவும்.

எலும்பு சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. பழம் வெட்டும் அண்ணன் ஒருவர் வாரக்கணக்கில் சுளுக்கு மருந்து போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்துச்சும்மா, திரும்பிப் பார்த்தா ஆளே இல்ல" என்றார். இந்தப் பேச்சைக் கேட்டதும் குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநாணைத்தான் நினைக்க வேண்டும். குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்க, கெண்டைச்சதையைக் கையால் பிடித்து அழுத்தினேன். நல்ல காலில் பாதம் சட்டென்று கீழ்ப்பக்கம் அசைந்தது. அடிபட்ட காலில் அசைவே இல்லை. நாண் முழுதாக அறுந்திருந்தது. முதல் நாளிலேயே செய்திருக்கக்கூடிய சோதனை, அரை நிமிட வேலை. "காலைக் கீழே அமுக்க முடியுதே" என்று அவரை அனுப்பிவிட்டார்களாம். அது ஏமாற்றும், விரல்களை மடக்கும் மற்ற தசைகளே பாதத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிவிடும். நாள் ஆக ஆக அறுந்த முனைகள் விலகிப்போகும், அறுவையும் பெரிதாகும். அந்த அண்ணனை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

சாதாரணப் பிசகலுக்கு வருவோம். பெரும்பாலும் கிழிவது வெளிமொட்டுக்கு முன்னால் இருக்கும் ஜவ்வு, அதாவது எலும்புகளை இணைக்கும் நார். முதல் நாள் வீக்கத்திலும் வலியிலும் அது எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாலைந்து நாள் கழித்து, குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்க்கும்போது நன்றாகத் தெரியும். ஆகவே ஐந்தாம் நாள் மறுபடி வரச்சொல்லுங்கள். முறிவு இல்லை என்று தெரியும்வரை வீட்டில் எண்ணெய் போட்டு உருவவும் விடாதீர்கள்.

நம் மக்களிடம் இன்னொரு சங்கதி இருக்கிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது மிக அதிகம். இனிப்புநீர் முற்றி உணர்வு மங்கிய காலில் "அமுக்கினால் வலிக்கிறதா" என்ற கேள்வியை நம்பமுடியாது. ஒட்டாவா விதிகள் அவருக்குப் பொருந்தா. அதனால் முதலில் கண்ணை மூடச்சொல்லி, இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு வினாடி லேசாகத் தொடுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான சோதனை இது. கருவி ஒன்றும் வேண்டாம். பாதத்தின் மேற்பக்கத்திலும் உள்மொட்டுக்குப் பின்னும் நாடி துடிக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிப்பட்டவரின் பாதம் ஒன்று சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்து, வலி மட்டும் குறைவாக இருந்தால், அவரை ஓர் எட்டுகூட நடக்கவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்.

வேலைக்குத் திருப்பி அனுப்பும் முன்னும் ஒருமுறை பாருங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து இரு காலையும் ஒப்பிடுங்கள். ஒற்றைக்காலில் நிற்கவும், ஒற்றைக்காலில் குதிகால் தூக்கவும் முடிகிறதா? ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகுவது சாதாரணமாக நடப்பது. மேட்டுக்காட்டில், தலைக்கு மேலே கத்தியும் குலையுமாக நிற்பவருக்கு அது என்ன ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் குறிப்பு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் வைக்கும் கோரிக்கைக்கும் கைகொடுக்கும். வேலையிட விபத்துக்கான அந்தப் பாதுகாப்பு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. வங்காளதேசத் தம்பியிடம் பேச மொழி வராவிட்டாலும் அமுக்கிப் பார்க்க மொழி தேவையில்லை, முகமே சொல்லிவிடும்.

எச்.ஏ.க்களே, ஒருவராக எத்தனை வேலை பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை மேலாளர்களிடமும் கேட்கிறேன். கிளினிக்கில் ஓர் உயரமான கட்டில், நல்ல வெளிச்சம், ஒரு டேப், ஒரு பக்கப் படிவம் வையுங்கள். ஐந்தாம் நாள் வருகைக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். படிவத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதித் தர நான் தயார். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) கலைந்தபிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லி அனுப்பினால், உங்கள் கிளினிக்குக்கே வந்து எச்.ஏ.க்களோடு சேர்ந்து எல்லாவற்றையும் செய்துகாட்டுகிறேன். கட்டணம் வேண்டாம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்