கயலுக்கு: கடைசிக் காட்சி பற்றி

அன்புள்ள கயல்,

உங்கள் கேமுக்கு ‘வாக்கிங் சிமுலேட்டர்’ (நடந்துகொண்டே கதை பார்க்கிற கேம்) என்று பெயர் போடுவதா, ‘அட்வெஞ்சர்’ என்று போடுவதா என்று டீமில் சண்டை என்றாயே. முதல் பெயர் கிண்டலில் பிறந்ததுதான். ஆனாலும் கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமில் அது ஒரு டேக் (வகைப் பெயர்), அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. தயங்காமல் போடு. புதிரே இல்லாத கேமுக்கு ‘பசில்’ டேக் போட்டால்தான் வம்பு: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடலாம்.

எனக்கு உறுத்துவது உன் கடைசிக் காட்சி. நாலு நிமிஷம் கட்சீன் (ஆட முடியாமல் பார்க்க மட்டும் முடிகிற காட்சி), பின்னால் வயலின். ஆடுகிறவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்துவிடுவார்.

2013இல் வந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ கேமைப் பார். கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கும், விரலால் அழுத்துகிற இடது டிரிகரும் அண்ணனை ஆட்டும், வலது பக்கம் தம்பியை. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம்; அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். அண்ணன் செத்தபின் தம்பி தனியாகத் தண்ணீர் முன்னால் நிற்கிறான். வலது டிரிகரை அழுத்தினால் நகரமாட்டான். சும்மா கிடந்த இடது டிரிகரை அழுத்தினால் நீந்துகிறான். அதுவரை இடது கைக்குப் பழகியதெல்லாம் அந்த ஓர் அழுத்தத்தில் வந்து நிற்கிறது.

2014இன் ‘கால் ஆஃப் டூட்டி: அட்வான்ஸ்டு வார்ஃபேர்’ இதற்கு நேரெதிர். சவப்பெட்டி முன்னால் ‘எஃப் அழுத்தி அஞ்சலி செலுத்து’ என்றது. அந்த பட்டனுக்கும் செத்தவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, இன்றுவரை மீம்தான்.

உன் கேமில் பாட்டியின் கையைப் பிடிக்கிற ஆர்1 பட்டன் இருக்கிறதே, அதை எடு. முதல் மணி நேரத்தில் பத்துப் பதினைந்து தடவையாவது பிடிக்க வை: படி ஏற, ரோடு கடக்க. கதவு திறக்கவும் அதே பட்டன் என்று வைக்காதே, விரலுக்குக் குழப்பம். பாட்டி செத்தபின் ஆர்1ஐ வேலை செய்யாமல் நிறுத்திவிடாதே. அழுத்தினால் கை நீளட்டும், பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். திரையில் பட்டன் படமும் வேண்டாம். முக்கியமாக, அந்த இடத்தில் அச்சீவ்மென்ட் (ஒன்றைச் செய்ததற்குக் கேம் தரும் பாராட்டுக் கோப்பை) வைக்காதே! மூலையில் ‘டிங்’ என்று கோப்பை எட்டிப் பார்த்தால் எல்லாம் போச்சு. கிரெடிட்ஸ் முடிந்தபின் கொடு.

கதை தெரியாத ஆட்களிடம் டெஸ்ட் பண்ணு. ‘அழுதீர்களா’ என்று கேட்டால் உன் மனசுக்காக ஆமாம் என்பார்கள். பாட்டி போனபிறகு எத்தனை தடவை ஆர்1 அழுத்தினார்கள் என்று லாகில் (கேம் தானே எழுதிவைக்கும் பதிவில்) பார். ஒன்றுமே இல்லை என்றால் கடைசிக் காட்சியைத் தொடாதே, முதல் மணி நேரத்தைத் திருத்து. லாகை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா